அரைஞாண் கயிற்றின் மகிமை

சில வருஷங்களுக்கு முன்னால் நான் ஒரு சிறுகதை எழுதினேன். அதில் ஓர் ஆயா வருகிறாள். எங்கள் ஆரணிப் பக்கத்தில் பாட்டியை ஆயா என்றுதான் சொல்வோம். அந்த ஆயா பேரனுக்கு அரைஞாண் கயிறு கட்டுகிறாள். பட்டணத்திலிருந்து வந்த மருமகள் அதை அறுத்தெறிகிறாள். கடைசியில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வந்து, "அம்மா, இந்தக் கயிறு குடலிறக்கம் வராமல் தடுக்கும். நம் முன்னோர்கள் முட்டாள்கள் அல்லர்" என்று சொல்கிறார். மருமகள் வெட்கித் தலைகுனிகிறாள்.

கதை பிரமாதமாக எடுபட்டது. வந்த கடிதங்களில் முக்கால்வாசி அந்த வாத்தியாரின் வாக்கியத்தைத்தான் பாராட்டின. அந்தச் சமாசாரத்தை நான் எங்கே படித்தேன் என்று எந்த வாசகரும் கேட்கவில்லை. நான் எங்கேயும் படிக்கவில்லை. கல்யாண வீட்டில் யாரோ சொன்னார். கேட்க நன்றாக இருந்தது. கதைக்கு ஒரு முடிவும் வேண்டியிருந்தது.

அந்த வாக்கியத்தை இன்று வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அதற்குக் காரணமும் சொல்ல வேண்டும் அல்லவா?

எங்கள் தெருவில் காலை வேளைகளில் பாவு நீட்டியிருப்பார்கள். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பட்டு இழை வெயிலில் மின்னும். சைக்கிள்காரன்கூட இறங்கித் தள்ளிக்கொண்டு போவான். அந்தத் தெருவில் ஒரு நெசவாளி. அவருக்கு ஒரு பெண் குழந்தை. குடும்பத்தாரின் அனுமதியோடுதான் எழுதுகிறேன். அவர்கள் கேட்டுக்கொண்டபடி, அடையாளம் தெரியாதிருக்க ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன். குழந்தைக்கு இரண்டரை வயசு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குழந்தைக்குத் தொடை இடுக்கில் நெல்லிக்காய் அளவு ஒரு வீக்கம். அழுதால் வெளியே வரும். தூங்கினால் உள்ளே போய்விடும். தடுப்பூசி போடப் போன இடத்தில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு, "இது குடலிறக்கம், ஆபரேஷன் செய்ய வேண்டும், தாமதிக்காதீர்கள்" என்று சொல்லியிருக்கிறார். வீட்டில் ஆயா கறுப்புக் கயிறு கட்டினாள். அது போதவில்லை என்று வெள்ளி அரைஞாண் போட்டாள். விஷயம் வாசற்படியைத் தாண்டக்கூடாது என்று வாய்ப்பூட்டும் போட்டாள். பெண் குழந்தை, வயிற்றில் கத்தி பட்டது என்று நாளைக்குத் தெரிந்தால் யார் கட்டுவான்?

ஒருநாள் சாயங்காலம் அந்த நெசவாளி தறிக்குழியிலிருந்து எழுந்து நேராக என்னிடம் வந்தார்.

"அண்ணா, டாக்டரு வெட்டணும்னு சொல்றாரு. கயிறே போதும்னு ஆயா சொல்லுது. நீங்ககூட கதையில எழுதியிருக்கீங்கன்னு சம்சாரம் படிச்சிக் காட்டிச்சு. இன்னா பண்ணலாம்?"

எனக்கு அப்போது என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம், டாக்டர் சொன்னதைக் கேளுங்கள் என்றாவது சொல்லியிருக்கலாம். ஆனால் என் கதையை மேற்கோள் காட்டி ஒருவர் என்னிடமே யோசனை கேட்கிறார். அந்த மயக்கத்தில், "பாக்கலாம் தம்பி. கொழந்ததானே, வளந்தா சரியாப் பூடும்" என்று சொல்லிவிட்டேன்.

ஐப்பசியில் ஒரு ராத்திரி குழந்தை வீறிட்டு அழுதது, வாந்தி எடுத்தது. வீக்கம் கல்லாகி நின்றது, உள்ளே போகவில்லை. விடிகாலையில் ஒரு வாடகைக் காரில் வேலூருக்குக் கொண்டுபோனார்கள். நானும் கூடப் போனேன். ஆபரேஷன் முடிந்து வெளியே வந்த டாக்டரம்மாள் எங்களை உட்காரச் சொன்னார். சிக்கியிருந்தது குடல் அல்ல, அந்தப் பக்கத்துச் சினைப்பை. முறுக்கிக்கொண்டு ரத்த ஓட்டம் நின்றுபோயிருந்தது. எடுத்துவிட வேண்டியதாயிற்று. குழந்தைக்கு ஆபத்தில்லை, இன்னொரு சினைப்பை நன்றாக இருக்கிறது, பிற்காலத்தில் பிள்ளை பிறக்கத் தடையில்லை. எல்லாம் பொறுமையாகச் சொன்னார். எதற்காக ஒளித்தார்களோ அந்தக் கல்யாணப் பேச்சுக்கு, ஒளித்ததனாலேயே ஒரு குறை வந்து சேர்ந்தது. ஆயா அப்போதும் என் காதில், "தெருவுல சொல்லிடாத கண்ணு" என்றாள்.

அதன் பிறகுதான் நான் படிக்க ஆரம்பித்தேன். வைத்தியம் படித்தவன் அல்ல நான்; ஆனால் சாதாரணப் படிப்பு உள்ள எவனும் ஒரு வாரத்தில் தெரிந்துகொள்ளக்கூடிய விஷயம் இது. தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

ஆண் குழந்தையின் விரைகள் முதலில் வயிற்றுக்குள்ளேதான் உண்டாகின்றன. தாய் வயிற்றிலிருக்கும்போதே, கடைசி மாதங்களில், அவை தொடை இடுக்கு வழியாகக் கீழே இறங்குகின்றன. இறங்கும்போது வயிற்றின் உள்சவ்வு ஒரு நீளமான பைபோல அந்த வழியில் வருகிறது. விரை இறங்கிய பிறகு அந்தப் பையின் வாய் மூடிக்கொள்ள வேண்டும். சில குழந்தைகளுக்கு மூடுவதில்லை. அந்த வழியே குடல் நழுவி வந்தால் குடலிறக்கம். நீர் மட்டும் கசிந்து வந்தால் விரைப்பையில் நீர். பெண் குழந்தைக்கும் இப்படி ஒரு வழி உண்டு. அதில் சினைப்பை நழுவி வரக்கூடும். நிறைமாதத்தில் பிறந்த குழந்தைகளில் 100-க்கு 1 முதல் 5 பேர் வரை இந்தக் குடலிறக்கம் காணப்படுகிறது. குறைமாதக் குழந்தைகளில் இன்னும் அதிகம். பெண்களைவிட ஆண் குழந்தைகளுக்குப் பல மடங்கு அதிகம்.

இந்த வழி பிறக்கும்போதே திறந்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அழுததனால் வந்ததல்ல; அழும்போது தெரிகிறது, அவ்வளவுதான். "நீ குழந்தையை அழவிட்டாய், அதனால்தான் குடல் இறங்கிற்று" என்று எத்தனை மாமியார்கள் எத்தனை மருமகள்களைப் படுத்தியிருக்கிறார்கள்! அந்தத் தாய்மார்களிடம் யார் மன்னிப்புக் கேட்பது? சரி, வயிற்றுக்குள்ளே திறந்திருக்கும் வாயை இடுப்புக்கு வெளியே கட்டின கயிறு எப்படி மூடும்? கறுப்புக் கயிறோ, வெள்ளியோ, தங்கமோ, கயிறு தோலுக்கு மேலேதான் கிடக்கிறது.

"எத்தனை குழந்தைகளுக்குத் தானாகச் சரியாகியிருக்கிறது, கண்ணால் பார்த்திருக்கிறோமே" என்பார்கள். உண்மைதான். தொப்புள் பிதுங்கியிருக்கும் குழந்தைகளை எல்லாரும் பார்த்திருக்கிறோம். அதுவும் குடலிறக்கத்தில் ஒரு வகை. அதன் மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்துத் துணியால் கட்டுவார்கள். நாலைந்து வயசுக்குள் பெரும்பாலும் பிதுக்கம் போய்விடும். காசு கட்டாவிட்டாலும் போய்விடும்! தானே மூடிக்கொள்வது அதன் சுபாவம். பெருமை மட்டும் காசுக்குப் போகிறது. தொப்புளில் சம்பாதித்த பெருமையைத் தொடை இடுக்குக்கும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அங்கேதான் மோசம். தொடை இடுக்குக் குடலிறக்கம் தானாக மூடுகிற ரகமல்ல. அது சிக்கிக்கொள்ளும் அபாயம் முதல் வருஷத்தில்தான் மிக அதிகம். காத்திருந்தால் சரியாகும் ஒன்றும், காத்திருந்தால் கெட்டுப்போகும் ஒன்றும் ஒரு சாண் தூரத்தில் இருக்கின்றன. இரண்டுக்கும் நாம் ஒரே பதிலை வைத்திருக்கிறோம்: வளர்ந்தால் சரியாகிவிடும்.

எல்லாவற்றுக்கும் கத்தியை எடு என்று நான் கூச்சல் போடுவதாக யாரும் நினைக்க வேண்டாம். விரைப்பையில் வெறும் நீர் என்றால் டாக்டர்களே ஒன்றிரண்டு வருஷம் பொறுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். குழந்தையின் முன்தோல் பின்னால் வரவில்லை என்று பதறுகிறார்கள். சின்ன வயசில் அது இயற்கை, பலவந்தமாக இழுப்பதுதான் தவறு. டான்ஸிலுக்கு ஒரு காலம் இருந்தது. உள்நாக்கு வீங்கியிருக்கிறது என்று தொட்டதற்கெல்லாம் அறுத்துத் தள்ளினார்கள். இப்போது வருஷத்துக்கு ஏழு தடவையாவது தொண்டைப் புண் வந்து குழந்தை வாடினால், அல்லது தூக்கத்தில் மூச்சு அடைத்தால்தான் அந்த யோசனை. அறுக்கிறவர்களே கற்றுக்கொண்டு மாறியிருக்கிறார்கள். மாறாதது நம் ஆயாக்களும், ஆயாக்களைப் பற்றிக் கதை எழுதுகிற என் போன்றவர்களும்தான்.

இன்னொன்று சொல்ல வேண்டும். சபையில் சொல்லக் கூச்சமான விஷயம், அதனாலேயே சொல்ல வேண்டும். பிறக்கும் ஆண் குழந்தைகளில் 100-க்குச் சுமார் 3 பேருக்கு ஒரு விரை இறங்காமலே இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு முதல் ஆறு மாதத்துக்குள் இறங்கிவிடும். அதற்குப் பிறகு தானாக இறங்குவது அபூர்வம். ஆறு மாதத்துக்கும் ஒன்றரை வயசுக்கும் நடுவில் ஆபரேஷன் செய்து இறக்கி வைக்க வேண்டும் என்பது இன்றைய வைத்திய முறை. விட்டுவிட்டால் பிள்ளைப் பேற்றுக்குக் குறை வரலாம். அந்த விரையில் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடுகிறது. எங்கள் ஊரில் இது எப்போது தெரிகிறது? கல்யாணமாகி மூன்று வருஷம் குழந்தை இல்லாதபோது. அதற்குள் மருமகள் எத்தனை அரசமரம் சுற்றியிருப்பாள்!

சர்க்கார் பள்ளிக்கூடங்களில் குழந்தைகளைப் பரிசோதிக்கிறார்களே என்று கேட்கலாம். 2013-ல் தேசம் முழுவதற்கும் அப்படி ஒரு திட்டம் வந்தது, நல்ல திட்டம். அங்கன்வாடிக்கு வருஷத்தில் இரண்டு தடவை, பள்ளிக்கூடத்துக்கு ஒரு தடவை டாக்டர்கள் வருவார்கள். அப்போது வகுத்த 30 நோய்களின் பட்டியலில் உதட்டுப் பிளவு, வளைந்த பாதம், பிறவிக் கண்புரை, இருதயக் கோளாறு எல்லாம் உண்டு. குடலிறக்கம் இல்லை, இறங்காத விரையும் இல்லை. அரைஞாணுக்குக் கீழே பார்க்க நம் குடும்பங்களுக்குத்தான் கூச்சம் என்று நினைத்திருந்தேன்.

கூச்சத்தின் விலை வடாற்காட்டுக்காரனுக்குப் புதிதல்ல. வேலூர் ஆஸ்பத்திரி பிறந்த கதை எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். திண்டிவனத்தில் பாதிரியார் வீட்டுப் பெண் ஐடா ஸ்கடர் இருந்தபோது, ஒரே ராத்திரியில் மூன்று புருஷர்கள் தனித்தனியே வந்து கதவைத் தட்டினார்கள். மூவர் வீட்டிலும் பிரசவ வேதனை. ஐடாவின் தகப்பனார் டாக்டர். ஆனால் ஆண் டாக்டர் பார்க்கச் சம்மதமில்லை. ஐடாவுக்கு வைத்தியம் தெரியாது. காலையில் மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். அவர் அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்து, 1900-ல் திரும்பி வந்து வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு ஆரம்பித்தார். 1918-ல் பெண்களுக்கென்றே வைத்தியப் பள்ளி. நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. ஆரணியிலிருந்து பஸ் ஏறினால் நாற்பது கிலோமீட்டர்கூட இல்லை. பஸ்ஸில் ஏற விடாமல் காலைக் கட்டுவது அதே பழைய கூச்சம்தான்.

கூச்சம் மட்டும் என்று சொன்னால் அதுவும் அநியாயம். அந்த நெசவாளியின் தறியில் அப்போது ஒரு கோர்வைச் சேலை பாதியில் நின்றது. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். புருஷனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் நகரும். முகூர்த்த மாசத்துக்குள் முதலாளியிடம் கொடுத்தால்தான் கூலி. ஆஸ்பத்திரி என்றால் பத்து நாள் போய்விடும் என்று அவர் கணக்குப் போட்டார். சர்க்கார் ஆஸ்பத்திரியில் காசில்லை, காப்பீட்டு அட்டை இருக்கிறது என்பதெல்லாம் தெரிந்தும், பத்து நாள் தறி நிற்குமே என்பதுதான் அவர் பயம். அந்தக் கணக்கு எவ்வளவு பிசகு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்தில் நிக்கல் என்ற டாக்டர், ஏறக்குறைய 9,000 குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்து, அன்றன்றைக்கே தாயிடம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியதாக 1909-ல் அறிக்கை எழுதினார். குடலிறக்கமும் அதில் உண்டு. அவர் பார்த்ததும் கூலிக்காரர் வீட்டுக் குழந்தைகளைத்தான். இன்றைக்கும் ஆரோக்கியமான குழந்தையைக் காலையில் சேர்த்தால் பெரும்பாலும் சாயங்காலம் அழைத்து வந்துவிடலாம். முன்கூட்டியே போயிருந்தால் அந்தச் சேலைக்கு இரண்டு மூன்று நாள் நஷ்டம். ராத்திரியில் ஓடியதால் தறி பதினைந்து நாள் நின்றது.

என் கதையின் வாத்தியாரைப் போன்றவர்கள் இன்னமும் பேசுகிறார்கள். இப்போது செல்போனிலேயே பேசுகிறார்கள். முன்னோர்கள் முட்டாள்களா என்று கேட்கிறார்கள். அல்லர் ஐயா! சுசுருதரும் நம் முன்னோர்தானே? மூக்கறுந்தவனுக்குத் தோலை எடுத்து மூக்கு வைக்கும் முறையை எழுதினவர். கண்புரைக்கும் மூத்திரக் கல்லுக்கும் ரண சிகிச்சை சொன்னவர். முன்னோரைக் கொண்டாடுவதென்றால் அவர் கையிலிருந்த கத்தியை ஏன் விட்டுவிட்டீர்கள்? கயிறு மட்டும் ஏன் ஒட்டிக்கொண்டது? கயிறு மலிவு, அதைக் கட்டிவிட்டுத் தறிக்குப் போய்விடலாம், கதை எழுதப் போய்விடலாம்.

பதிப்பாளருக்கு எழுதியிருக்கிறேன்: கதை மறுபதிப்பு வந்தால் வாத்தியாரின் வாக்கியம் இருக்கக்கூடாது. அது போனால் கதைக்கு முடிவே இல்லையே என்று அவர் கேட்டிருக்கிறார். முடிவில்லாமலே அச்சடியுங்கள் என்று பதில் போட்டேன். குழந்தைக்குத் தொடை இடுக்கில் வீக்கம் கண்டால் இந்த மாசமே டாக்டரிடம் காட்டுங்கள். வீக்கம் கெட்டியாகி, வலித்து, உள்ளே போகாமல் நின்று, குழந்தை வாந்தியும் எடுத்தால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். என் கதையைப் படித்த எல்லாரும் இதையும் படிக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும்.

பொங்கல் கழித்து அந்த நெசவாளி வந்தார். பாவாடை கட்டினால் தழும்பு தெரியுமா என்று கேட்டார். இரண்டு விரற்கடை நீளம், தொடை மடிப்பில் மறைந்துவிடும் என்று டாக்டரம்மாள் சொன்னதைத் திருப்பிச் சொன்னேன். குழந்தை வாசலில் பாவுக்கு அடியில் குனிந்து குனிந்து ஓடிக்கொண்டிருந்தது. இடுப்பில் புதுக் கறுப்புக் கயிறு, ஆயாவின் வேலை. நான் ஒன்றும் சொல்லவில்லை.

"அது கெடக்கட்டும் அண்ணா, ஆயாவுக்கு ஒரு திருப்தி" என்றார் அவர்.