மதகுக் கதவும் வீட்டுக் கணக்கும்

இன்ஜினியரிங் படிக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இப்போது இது சகஜம். ப்ளூயிட் மெக்கானிக்ஸ் வீட்டுக் கணக்கை போனில் படம் பிடிக்கிறார்கள். விடை வந்து விழுகிறது. அப்படியே நோட்டில் ஏறுகிறது. "கணக்கு முடிஞ்சுதாப்பா?" என்றால், "முடிஞ்சுது தாத்தா" என்று பதில்.

விடை தப்பு என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. அந்த விடை என்ன சொல்கிறது என்பது பிள்ளைக்குத் தெரியவில்லையே என்பதுதான் என் கவலை.

அந்தப் பாடத்தில் ஆரம்பத்திலேயே வரும் கணக்கு ஒன்று: செங்குத்தாக நிற்கும் மதகுக் கதவை ஒரு பக்கத்துத் தண்ணீர் எவ்வளவு பலத்தோடு தள்ளும்? கதவின் அகலம் 12 மீட்டர், உயரம் 6 மீட்டர், தண்ணீர் கதவின் மேல்விளிம்பு வரை நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். போன் 2118.96 கிலோ நியூட்டன் என்று சொல்லும். பிள்ளை கீழே இரண்டு கோடு போட்டு நோட்டை மூடிவிடும்.

இதையே மனக்கணக்காகப் போடலாம். ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு டன். மேல்விளிம்பில் அழுத்தம் ஒன்றுமில்லை. 6 மீட்டர் ஆழத்தில் சதுர மீட்டருக்கு 6 டன். சராசரி 3 டன். கதவின் பரப்பு 72 சதுர மீட்டர். பெருக்கினால் 216 டன். பத்து டன் ஏற்றிய லாரிகள் இருபத்தொன்றுக்கும் மேலான எடை, அந்த ஒரு கதவின் மேல்!

இன்னொன்று பாருங்கள். தண்ணீர் பாதி உயரத்துக்கு, அதாவது 3 மீட்டருக்கு இறங்கினால் பாரம் பாதியாகாது, கால்வாசியாகிவிடும்; வெறும் 54 டன்தான். கதவுக்குப் பின்னால் நிற்பது பெரிய ஏரியா, குறுகிய தொட்டியா என்பதும் கணக்கில் வராது. ஆழம்தான் கணக்கு. இது புரிந்த பிள்ளைக்குப் பாடத்தின் பாதி புரிந்த மாதிரி.

இது நமக்கு எதற்கு என்று கேட்கலாம். 2004 வரை நம் மாவட்டத்தோடு இருந்த கிருஷ்ணகிரியின் அணை, 1950களின் கடைசியில் வந்தது. 2017 நவம்பர் கடைசியில் அதன் ஷட்டர் ஒன்று உடைந்து தென்பெண்ணையில் வெள்ளம் போனதும், கரையோர மக்களை எச்சரித்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். யாரோ கணக்கைத் தப்பாகப் போட்டதால் உடைந்தது என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒன்று நிச்சயம். இரும்புக்கு வயதாகும், துருப்பிடிக்கும், தகடு தேயும். தண்ணீர் மட்டும் "பாவம், பழைய கதவு" என்று பாரத்தைக் குறைத்துக்கொள்ளாது. முதல் நாள் தள்ளிய 216 டன்னை அறுபது வருடம் கழித்தும் தள்ளும். கதவின் முன் நிற்கும் இன்ஜினியருக்கு இது மனசில் உறைத்திருக்க வேண்டும். அது உறைகிற இடம் இந்த வீட்டுக் கணக்குதான்.

"எல்லாவற்றுக்கும் சாப்ட்வேர் வந்துவிட்டதே, கையால் ஏன் போட வேண்டும்?" என்பார்கள். சாப்ட்வேர் கணக்குப் போடட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஆழத்தை மீட்டருக்குப் பதில் அடியில் கொடுத்தாலும் அது மறுபேச்சு இல்லாமல் ஒரு விடை தரும். "இது நடக்கிற காரியமா?" என்று நிறுத்திக் கேட்க ஒரு மனிதர் வேண்டும்.

ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். வாணியாறு, தொப்பையாறு, பஞ்சப்பள்ளி சின்னாறு என்று நம்மிடமே அணைகள் இருக்கின்றன. செட்டிக்கரையில் அரசு பொறியியல் கல்லூரியும் இருக்கிறது. பிள்ளைகளை ஒரு நாள் அணைக்குக் கூட்டிப்போய், கதவை அளக்கச் சொல்லி, அதையே வீட்டுக் கணக்காகக் கொடுங்கள். சூத்திரத்தைத் தொடும் முன் விடை சுமாராக எவ்வளவு வரும் என்று எழுதச் சொல்லுங்கள். அதற்கும் இரண்டு மார்க் போடுங்கள்.

நம்மைப் போன்ற தாத்தா பாட்டிகளுக்கும் இதில் வேலை உண்டு. சூத்திரம் தெரிய வேண்டாம். பிள்ளை நோட்டை மூடும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "இது எத்தனை லாரி பாரம் கண்ணு?"