எதனால் இறந்தார்?

ஒரு தேசத்தில் ஓர் ஆண்டில் எத்தனை பேர் மாண்டார்கள், அவர்கள் எதனால் மாண்டார்கள் என்னும் இரண்டு கேள்விகளுள் முதற்கேள்விக்கு ஓரளவு நிச்சயமான விடை சொல்லும் நிலைமைக்கு நம் நாடு வந்து சேர்ந்து வெகு காலமாகிவிட்டது. இரண்டாவது கேள்விக்கோ, சுதந்திரம் பெற்று முக்கால் நூற்றாண்டு கடந்த பின்னும், நான்கு மரணங்களில் ஒன்றுக்குக்கூட மருத்துவர் கையெழுத்திட்ட விடை நம்மிடம் இல்லை. 2021ஆம் ஆண்டில் இந்தியாவில் பதிவான மரணங்கள் ஒரு கோடியே இரண்டு லட்சம். அவற்றுள் மருத்துவச் சான்றுடன் காரணம் குறிக்கப்பெற்றவை நூற்றுக்கு 23 சொச்சமே. எஞ்சியவர்கள் எந்த வியாதியால், எந்த விபத்தால், எந்த அலட்சியத்தால் போனார்கள் என்பது அவரவர் வீட்டாருக்கு மட்டும் தெரிந்த, சில சமயம் அவர்களுக்கும் தெரியாத விஷயமாகவே முடிந்துவிடுகிறது.

முதற்கேள்வியின் விடை மகிழ்ச்சி தருவது. 1911ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குக்கும் 1921ஆம் ஆண்டுக் கணக்குக்கும் இடைப்பட்ட காலத்தில் இந்நாட்டில் ஆண்டுதோறும் ஆயிரம் பேரில் 47 பேருக்கு மேல் இறந்தார்கள் என்றும், அன்று பிறந்த குழந்தை சராசரியாக எதிர்பார்க்கக்கூடிய ஆயுள் இருபது வயதையொட்டியே இருந்தது என்றும் நிபுணர்கள் கணித்திருக்கிறார்கள். 1951ஐ ஒட்டி அந்த விகிதம் 27 ஆயிற்று; 1971இல் 15க்குச் சற்றுக் கீழே வந்தது; 2019இல் ஆறு. ஆயுளோ எழுபதைத் தொட்டது. ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் ஒரு வயது நிரம்புமுன் 129 குழந்தைகளைப் பறிகொடுத்த 1971ஆம் ஆண்டின் நாடு, 2020இல் 28 குழந்தைகளை இழக்கும் நாடாக மாறியிருக்கிறது. எட்டுப் பெற்று மூன்று தங்கிற்று என்று நம் பாட்டிமார்கள் சாதாரணமாகச் சொல்லி வந்த வாக்கியம் இன்று எந்த வீட்டிலும் கேட்பதில்லை. நம் முன்னோர் எவரும் கண்டிராத பெரும் பாக்கியம் இது என்பது என் திடமான அபிப்பிராயம்.

இனி, இரண்டாவது கேள்விக்கான விடையை அக்காலத்தில் எப்படி எழுதினார்கள் என்று பார்ப்போம். பழைய சென்னை மாகாணத்தில் கிராம முன்சீபே ஜனன மரணப் பதிவாளராகவும் இருந்தார். தலையாரியோ வெட்டியானோ வந்து சொல்வதைக் கேட்டு, இறந்தவருடைய பெயர், தகப்பனார் பெயர், ஜாதி, வயது இவற்றோடு வியாதியையும் அவர் எழுதினார். வாந்திபேதி, வைசூரி, பிளேக், சுரம், சீதபேதி, சுவாச நோய், காயம் என்று சர்க்கார் வகுத்துக் கொடுத்த ஒரு சில இனங்களுக்குள் மனிதனுடைய மரணங்கள் யாவும் அடங்கவேண்டியிருந்தது. அத்தகைய ஏடு ஒன்றைப் புரட்டிப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு ஒருமுறை கிட்டிற்று. தொட்டால் பொடியும் பழுப்புத் தாளில், முதல் வரியில் ‘சுரம்’ என்று எழுதி, அதன் கீழே பக்கம் முடியும் வரை ‘௸’ என்ற மேற்படிக் குறியையே முன்சீப் வரிசையாக இட்டிருந்தார். மலேரியாவும், டைபாய்டும், பிரசவ சன்னியும், க்ஷயத்தின் கடைசிக் காய்ச்சலும் அந்த ஒரே குறிக்குள் இருக்கின்றன. எது எது என்று இனி யாராலும் பிரிக்க முடியாது.

1918ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இன்புளூயன்சா சுரம் பம்பாயில் தொடங்கி நாடெங்கும் வீசியபோது, அதற்கென்று தனி இனம் ஏடுகளில் இல்லாமையால், அந்த மரணங்களில் பெரும்பாலானவை ‘சுரம்’ என்பதிலேயே போய்ச் சேர்ந்தன. அப்போது இந்திய சர்க்காரின் சுகாதாரக் கமிஷனராயிருந்த நார்மன் ஒயிட், முந்தைய ஆண்டுகளில் அதே மாதங்களில் வழக்கமாக எத்தனை பேர் மாண்டார்களோ அந்தத் தொகையை அவ்வாண்டின் தொகையிலிருந்து கழித்து, எஞ்சியது கொள்ளைநோயின் பங்கு என்று கொண்டு, சுமார் அறுபது லட்சம் என்று மதிப்பிட்டார். பிற்காலத்து ஆய்வாளர்கள் விட்டுப்போன பதிவுகளையும் சேர்த்து ஒரு கோடிக்கு வெகு மேலே கொண்டுபோயிருக்கிறார்கள். 1921ஆம் ஆண்டு ஜனத்தொகை 1911ஆம் ஆண்டின் தொகையைவிடக் குறைந்து நின்றதே அதற்குச் சாட்சி.

நூறு ஆண்டுகள் கழித்து, 2020லும் 2021லும், நாம் மறுபடியும் அதே கழித்தல் கணக்கைத்தான் போட நேர்ந்தது என்பதை எண்ணும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கோவிட் நோயால் அவ்விரண்டு ஆண்டுகளில் மாண்டவர்கள் 4 லட்சத்து 80 ஆயிரம் பேர் என்பது நம் சர்க்காரின் கணக்கு. வழக்கத்துக்கு மேற்பட்ட மரணங்கள் 47 லட்சம் என்பது 2022 மே மாதத்தில் உலக சுகாதார ஸ்தாபனம் வெளியிட்ட மதிப்பீடு. சர்க்கார் அந்த மதிப்பீட்டின் முறையையே ஆக்ஷேபித்தது. பின்னர் வெளியான பதிவுக் கணக்கின்படி 2020இல் 81 லட்சமாக இருந்த மரணங்கள் 2021இல் 21 லட்சம் அதிகரித்திருந்தன. பதிவு செய்யும் பழக்கம் வளர்ந்ததும் இந்த அதிகத்தில் ஒரு பகுதிக்குக் காரணமாயிருக்கலாம் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2021ஆம் ஆண்டின் இந்த விவரம் 2025 மே மாதத்தில்தான் ஜனங்களுக்குக் கிடைத்தது என்பதை என்னால் ஒப்புக்கொள்ள இயலவில்லை. எரியும்போது தெரியவேண்டிய செய்தி, சாம்பல் ஆறிய பிறகு வந்து யாருக்கு என்ன பயன்?

மரண விகிதத்தைப் படிப்பதிலும் ஒரு ஜாக்கிரதை வேண்டும். மாதிரியாகத் தேர்ந்த வீடுகளில் பிறப்பு இறப்புகளைத் தொடர்ந்து எண்ணிவரும் மாதிரிப் பதிவுத் திட்டத்தின் அறிக்கையில் கேரளத்தின் விகிதம் ஏழை ஒட்டியும், பீஹாரின் விகிதம் ஆறுக்குக் கீழும் இருப்பதைக் கண்டு, கேரளத்தார் நோயாளிகள் என்று எவரும் முடிவு கட்டிவிடலாகாது. கேரளத்தில் முதியோர் மிகுதி, பீஹாரில் சிறுவர் மிகுதி. வயதை ஒத்திட்டுப் பார்த்தால் கேரளத்தான் நீண்ட நாள் வாழ்கிறான். அன்றியும், விகிதம் கணக்கிட வகுக்கும் எண்ணாகிய ஜனத்தொகையே 2011க்குப் பின் எண்ணப்படவில்லை. அடுத்த கணக்கெடுப்பு 2027க்கெனக் குறிக்கப்பட்டிருக்கிறது. அதுவரை ஊகத்தால்தான் வகுக்கவேண்டும்.

இனி, காரணம் தெரியாத மரணங்களின் காரணத்தைக் கண்டறிய நம் நாட்டில் நடந்த ஒரு பெருமுயற்சியைப் பற்றிச் சொல்லவேண்டும். டொரொண்டோவைச் சேர்ந்த பேராசிரியர் பிரபாத் ஜாவும் இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகமும் சேர்ந்து, மாதிரிப் பதிவுத் திட்டத்தில் அடங்கிய வீடுகளில் 1998 முதல் நேர்ந்த மரணங்களை வாய்மொழி விசாரணையால் ஆராய்ந்தார்கள். பத்து லட்சம் மரணங்களின் ஆய்வு என்று அதற்குப் பெயர். மருத்துவரல்லாத கள ஊழியர் ஒருவர் இறந்தவருடைய வீட்டுத் திண்ணையில் போய் அமர்கிறார். காய்ச்சல் எத்தனை நாள் இருந்தது, இருமலில் இரத்தம் வந்ததா, மார்வலி எந்தப் பக்கம், பீடி குடிப்பாரா, கடைசி இரண்டு நாளில் பேச்சு இருந்ததா என்று மனைவியையோ மகனையோ கேட்டு, அவர்கள் சொல்லும் கதையை அவர்கள் பாஷையிலேயே எழுதிக்கொள்கிறார். அந்தக் காகிதத்தை இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே படித்துக் காரணத்தை நிர்ணயிக்கிறார்கள். இருவரும் மாறுபட்டு, மறுபடி பார்த்தும் ஒத்துவரவில்லையானால் மூன்றாமவர் தீர்ப்புச் சொல்கிறார்.

இப்படி விசாரித்ததில் வெளிப்பட்ட உண்மைகளுள் என் மனத்தை மிகவும் உலுக்கியது பாம்புக்கடியைப் பற்றியது. 2005ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் இந்தியாவில் ஏறக்குறைய 46,000 பேர் பாம்பு தீண்டி மாண்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிகளின் அறிக்கை காட்டிய எண்ணிக்கையைப்போல இது முப்பது மடங்குக்கு மேல். ஆஸ்பத்திரி அறிக்கை பொய்யன்று. மாண்டவர்களில் நூற்றுக்கு 97 பேர் கிராமவாசிகள். நான்கில் மூன்று பேருக்குமேல் ஆஸ்பத்திரிக்கு வெளியே உயிர் துறந்தவர்கள். வீட்டிலும் வரப்பிலும் வழியிலும் போனவனை ஆஸ்பத்திரி ஏடு எப்படி அறியும்? அதிலும் கட்டுவிரியனின் கடி மிகக் கொடியது. தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவனை இரவில் அது தீண்டினால் பெரிய வலியும் இருப்பதில்லை, வீக்கமும் இருப்பதில்லை. பல்பட்ட இடம்கூடத் தெரிவதில்லை. விடியற்காலையில் வயிறு வலிக்கிறது என்று எழுந்திருப்பான். இமை தாழும், நாக் குழறும், மூச்சு அடங்கும். வயிற்றுவலியில் போய்விட்டான் என்றே ஊர் சொல்லும். கணக்கும் அப்படியே எழுதும். பிறகு விஷமுறிவு மருந்து எத்தனை குப்பி வேண்டும், எந்தத் தாலுகா ஆஸ்பத்திரியில் வைக்கவேண்டும் என்று தீர்மானிக்கிற அதிகாரி அந்தக் கணக்கையே நம்பித் தீர்மானிப்பார். மருந்துக்கு வேண்டிய விஷத்தை எடுத்துத் தரும் இருளர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் 1978 முதல் இருந்து வருகிறது. மருந்தும் இந்நாட்டிலேயே தயாராகிறது. எண் தவறாக இருந்த காரணத்தால் அது சேரவேண்டிய இடத்தில் சேராமல் எத்தனை உழவர்கள் மாண்டார்களோ! தமிழ்நாடு சர்க்கார் 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்கவேண்டிய நோய்களோடு சேர்த்தது மிகவும் நல்ல காரியம்.

இந்த வாய்மொழி விசாரணை முறைக்குச் சென்னையிலேயே ஒரு முன்னோடி உண்டு. டாக்டர் கஜலட்சுமியும் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த ரிச்சர்ட் பீட்டோவும் சென்னை நகரத்திலும் விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களிலும் தொண்ணூறுகளில் மாண்ட பெரியவர்களின் வீடுகளில் விசாரணை நடத்தி, புகை பிடிப்பவன் க்ஷயரோகத்தால் சாகும் அபாயம் பிடிக்காதவனுக்கு உள்ளதைப்போல நான்கு மடங்கு என்று 2003இல் வெளியிட்டார்கள். பீடிக்கும் க்ஷயத்துக்கும் உள்ள அந்தச் சம்பந்தத்தை உலகத்துக்கு எடுத்துக்காட்டியது, தமிழ்நாட்டு விதவைகள் தம் கணவன்மாரைப்பற்றிச் சொன்ன வார்த்தை.

மருத்துவச் சான்று இருந்துவிட்டால் மட்டும் குறை தீர்ந்துவிடுவதில்லை. ஆஸ்பத்திரியில் மாண்டவருக்கு மருத்துவர் எழுதும் நான்காம் எண் படிவத்தில் காரணத்துக்கு மூன்று வரிகள் உண்டு: உடனடிக் காரணம், அதற்கு முந்திய காரணம், எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த மூலகாரணம். இருபது வருஷம் சர்க்கரை வியாதியால் துன்புற்று, சிறுநீரகம் கெட்டு, கடைசியில் இருதயம் நின்றவருக்கு, சர்க்கரை வியாதி என்பது அடி வரியில் வரவேண்டும். தேசத்தின் கணக்கில் ஏறுவது அதுவே. அவசரத்தில் இருக்கும் மருத்துவர் முதல் வரியில் ‘கார்டியாக் அரெஸ்ட்’ என்று எழுதி மற்றவற்றை வெறுமையாக விட்டுவிடுவது சகஜமாக நடக்கிறது. இருதயம் நில்லாமல் இறந்தவர் எவருமில்லை; ஆகையால் அந்தச் சான்றினால் நாடு எதையும் கற்றுக்கொள்வதில்லை. தொற்று அல்லாத நோய்களால் நேரும் மரணங்கள் 1990இல் நூற்றுக்கு 38 ஆக இருந்து 2016இல் 62 ஆகிவிட்டன என்று ஆராய்ச்சியாளர்கள் மதிப்பிட்டிருக்கிற இக்காலத்தில், அந்த அடி வரியின் முக்கியத்துவம் முன்னெப்போதையும்விட அதிகம்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் ஒரு மரணம் நேர்ந்தால், துக்கத்தின் நடுவிலும் 21 நாட்களுக்குள் அதைப் பதிவு செய்யுங்கள். வீட்டில் இறந்தவராயினும், கடைசி நோயில் வைத்தியம் பார்த்த மருத்துவரிடம் காரணச் சான்று கேட்டுப் பெறுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. 2023இல் திருத்தப்பட்ட சட்டம் அந்தச் சான்றின் பிரதியை நெருங்கிய உறவினருக்குக் கொடுக்கச் சொல்கிறது. வாங்கியவுடன் மடித்து வைத்துவிடாமல், அடி வரியில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். வெறுமையாக இருந்தால் மருத்துவரிடம் பணிவோடு சொல்லி, நிரப்பித் தரும்படி கேளுங்கள்.