மாசுணம் உண்ணாத மாதங்கள்

கேத்திப் பள்ளத்தாக்கில் ஜனவரி மாத விடியல்களில் முட்டைக்கோசுத் தோட்டங்களின் மேல் உறைபனி வெள்ளையாய்ப் படிந்திருக்கும். அப்படியொரு காலையில்தான் பக்கத்து வீட்டு இளைஞர் கதவைத் தட்டினார். பெங்களூரில் கணினி வேலை பார்த்தவர். கொரோனாக் காலத்தில் ஊருக்கு வந்தவர், இங்கேயே தங்கி வீட்டிலிருந்து வேலையைத் தொடர்கிறார். "சார், பதினோரு வாரமாச்சு, ஒண்ணுமே சாப்பிட மாட்டேங்குது" என்றார். யார் என்று கேட்டேன். பாம்பு என்றார்.

பால் பைத்தான். ஆபத்து நெருங்கினால் தலையை நடுவில் மறைத்துக்கொண்டு பந்துபோலச் சுருண்டுவிடும் மேற்கு ஆப்பிரிக்க மலைப்பாம்பு. (அவருடைய பாட்டி அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, பால் குடிக்கிற பாம்பு என்றே நம்பி முதல் வாரம் ஒரு கிண்ணம் பாலும் வைத்திருக்கிறார். நாகத்துக்குப் பால் வார்க்கும் நாட்டில் இதில் பிழை காண நான் தயாராக இல்லை.) கண்ணாடித் தொட்டி ஜன்னலோரம் இருந்தது. அறையின் குளிரில் நானே கம்பளியைப் போர்த்தியபடிதான் நின்றேன். நாலாபுறமும் வெளிச்சம், ஒளிந்துகொள்ள ஒரு சட்டிகூடக் கிடையாது. கோயம்புத்தூரிலிருந்து வாங்கி வந்த வெள்ளெலி ஒன்று உயிரோடு அதன் முதுகின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. பசியற்ற பாம்பின் அருகில் எலியை இரவெல்லாம் விட்டுவைத்தால், எலி பாம்பைக் கடித்துக் குதறிவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

இந்த விஷயத்தில் என் கட்சி பாம்பின் கட்சி. காரணம் உணர்ச்சிவசமானதல்ல, உடலியல் சார்ந்தது. தன் உடலுக்குள் வெப்பத்தை உண்டாக்கிக்கொள்ள முடியாத பிராணி அது. இரை செரிக்க வேண்டுமானால் தொட்டியின் ஒரு மூலையாவது 31, 32 டிகிரி செல்சியஸ் இருக்கவேண்டும். மறு மூலை 25, 26 டிகிரிக்குக் கீழே போகக்கூடாது. கேத்தியின் குளிரறையில் அது ஓர் எலியை விழுங்கியிருந்தால் என்ன ஆகும்? வயிற்றுக்குள் இரை செரிக்காமல் அழுகும், பாம்பு கக்கும். அதைத் தாங்காமல் சாகவும் கூடும். ஆக, அது உண்ண மறுத்ததுதான் அந்த அறையில் நடந்த ஒரே அறிவார்ந்த காரியம். மலைப்பாம்பின் உடம்பு பட்டினிக்கென்றே செய்யப்பட்டது. இரையில்லாத காலத்தில் அதன் குடல் சுருங்கிக்கிடக்கும்; இரை விழுந்ததும் ஓரிரு நாட்களில் மறுபடி வளர்ந்துவிடும். பர்மிய மலைப்பாம்புக்கு அப்போது இதயமே பெரிதாவதை ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். நன்கு வளர்ந்த பந்து மலைப்பாம்பு மாதக்கணக்கில் உண்ணாமலிருப்பது வளர்ப்பவர்கள் எல்லாரும் அறிந்த செய்தி.

ஆனால் நமக்கு அது பொறுப்பதில்லை. "சாப்பிட்டாயா?" என்பதையே வணக்கமாகக் கொண்ட சமூகம் நாம். உண்ண மறுக்கும் குழந்தையை நிலாவைக் காட்டி ஏமாற்றுகிறோம், உண்ண மறுக்கும் விருந்தாளியிடம் கோபித்துக்கொள்கிறோம். அந்த இளைஞரும் இடுக்கியால் வாயைப் பிளந்து ஊட்டிவிடலாமா என்றுதான் கேட்டார். அன்பின் பெயரால் செய்யப்படும் இந்த வன்முறையில் பாம்பின் வாயும் தொண்டையும் கிழியும்; மிரண்டுபோன பாம்பு மேலும் மிரளும். நம் மரபு இந்த விஷயத்தில் நம்மைவிட விவேகமாக இருந்திருக்கிறது. பாகவதத்தில் பிரகலாதன் சந்திக்கும் முனிவர், மலைப்பாம்பைத் தன் குருவாகச் சொல்கிறார்: தேடிப்போவதில்லை, கிடைத்தால் உண்பது, கிடைக்காவிட்டால் பல நாட்கள் அசையாமல் கிடப்பது. மலைபடுகடாம் பாடிய பெருங்கௌசிகனாரோ, விழுந்த மரம்போலக் கிடக்கும் மாசுணத்தை விட்டு விலகிப் போகும்படி கூத்தருக்கு வழி சொல்கிறார். அவரவர் வழியில் இருவரும் அதை அதன் போக்கில் விட்டுவிட்டார்கள்.

பந்து மலைப்பாம்பின் சொந்த ஊரிலும் இப்படியொரு மரியாதை இருந்தது. நைஜீரிய இக்போ மக்களிடையே அது புனிதம். தமிழில் 'சிதைவுகள்' என்று வந்த சினுவா அச்செபேயின் நாவலில் அதைத் தந்தை என்றே அழைக்கிறார்கள். அவருடைய 'ஆரோ ஆஃப் காட்' (1964) நாவலில், மிஷன் பள்ளிக்குப் போகும் ஒடூச்சே என்ற பையன் அந்தப் பாம்பைத் தன் மரப்பெட்டியில் அடைத்துப் பூட்டுகிறான். கொல்லத் துணிவில்லை, பூட்டிவிட்டால் தானாகச் சாகும், பழி தன்மேல் வராது என்பது அவன் கணக்கு. பெட்டி தானாக அசைவதைக் கண்டு வீடே கூடுகிறது. அச்செபே அதைக் காலனியத்தின் கதையாக எழுதினார். எனக்கு இப்போது அந்த அத்தியாயம் விமான நிலையங்களை நினைவூட்டுகிறது. 2023 ஜனவரியில் சென்னையில், பாங்காக்கிலிருந்து வந்து யாரும் உரிமை கோராத பெட்டிகளில் 45 பந்து மலைப்பாம்புகள். அதே ஆண்டு ஜூலை இறுதியில் திருச்சியில், கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பயணியின் பெட்டியில் 47 மலைப்பாம்புகளும் 2 பல்லிகளும். பிடிபட்டவற்றின் கணக்கு மட்டும் இது.

சட்டம் இல்லாமலில்லை. 2020 ஜூனில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், ஆறு மாதத்துக்குள் தாமாக அறிவிப்பவர்களிடம் ஆவணம் கேட்பதில்லை என்றது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபின், சைட்டிஸ் பட்டியலில் உள்ள அயல்நாட்டு விலங்குகள் வனவிலங்குச் சட்டத்தின் நான்காம் அட்டவணைக்குள் வந்தன. பந்து மலைப்பாம்பும் அதில் அடக்கம். பதிவுக்கான விதிகள் 2024 பிப்ரவரி 28 அன்று வெளியாயின; ஏற்கெனவே வைத்திருப்போருக்கு ஆறு மாத அவகாசம். நம் இளைஞர் இந்த எதையும் அறியாதவர். நண்பர் ஒருவர் வெளிநாடு போகும்போது "கொஞ்ச நாள் பார்த்துக்கோ" என்று கொடுத்துவிட்டுப் போனது. காகிதம் எதுவும் இல்லாததால் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோகவும் பயம்.

இங்கேதான் எனக்கு அரசோடு ஒரு மனவேறுபாடு. கடத்துகிறவனை எவ்வளவு கடுமையாகத் தண்டித்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் கையில் ஒரு நோயுற்ற பிராணியோடு நிற்பவனுக்கு, கெடு முடிந்த பிறகும் ஒரு கதவு திறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அவன் என்ன செய்வான்? ராத்திரியில் கொண்டுபோய்ச் சோலைக்குள் விட்டுவிட்டு வருவான். அவரே அதை யோசித்திருந்தார். "காடு தானே சார், பொழைச்சுக்காதா?" பிழைக்காது. ஒரு வாரக் குளிரில் செத்துப்போகும். அதற்குள் தன்னிடமுள்ள நோய் எதையாவது இங்குள்ள பாம்புகளுக்குக் கொடுத்துவிட்டும் போகலாம்.

இங்குள்ள பாம்புகள் என்றதும் அவர் விழித்தார். பெரோட்டே கேடயவால் பாம்பைப் பற்றிச் சொன்னேன். நீலகிரியின் மண்ணுக்குள் மண்புழு தின்று வாழும், குட்டி போடும், மனிதருக்குத் தீங்கற்ற சிறு பாம்பு. உருளைக்கிழங்கு தோண்டும்போது மண்வெட்டியில் அகப்படுவது இதுதான். பாட்டிக்கு உடனே புரிந்துவிட்டது. அவர் ஆயுள் முழுதும் பார்த்தது. பேரனுக்கோ பந்து மலைப்பாம்பின் 'பேஸ்டல்', 'பனானா', 'ஸ்பைடர்' என்று நிறவகைகளெல்லாம் மனப்பாடம். அந்த 'ஸ்பைடர்' வகை, அழகிய கோலத்தோடு நரம்புக் கோளாறையும் சேர்த்தே பெற்றுப் பிறந்து, தலையை நேராக நிறுத்த முடியாமல் ஆட்டிக்கொண்டிருக்கும் என்பது மட்டும் விற்பனைப் படங்களில் தெரிவதில்லை.

அன்றே சில காரியங்கள் செய்தோம். எலியை வெளியே எடுத்தோம். தொட்டியை உள்ளறைக்கு மாற்றி மூன்று பக்கமும் அட்டை ஒட்டினோம். உடைந்த பூந்தொட்டிகள் இரண்டைக் கவிழ்த்து வைத்தோம், சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. வெப்பவிரிப்பும் அதற்குத் தெர்மோஸ்டாட்டும் வந்தன. மழைக்காற்றில் மின்சாரம் போனால் என்ன செய்வது என்று கேட்டார். வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி வைக்கச் சொன்னேன். வாரம் ஒருமுறை எடை பார்ப்பது, மற்றபடி தொடுவதில்லை என்று ஏற்பாடு. வனத்துறைக்கு ஒரு கடிதம் எழுதுவது பற்றி மூன்று நாள் விவாதித்து, கடைசியில் எழுதினார். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் விலங்குக்காட்சிச் சாலையில் குறைந்தது 62 வயதான ஒரு பந்து மலைப்பாம்பு 2020இல் முட்டையிட்டது என்று சொன்னபோது, தன் வயதைக் கூட்டிப் பார்த்தாரோ என்னவோ, வெகுநேரம் பேசவில்லை.

கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. பாம்பும் இன்னும் சாப்பிடவில்லை. முதல் எடை 1,180 கிராம்; நேற்று 1,150. பாட்டி தினமும் காலையில் அறை வாசலில் நின்று, "தின்னுச்சா?" என்று கேட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போகிறார்.