காப்புரிமைக்கு மதிப்பு எவ்வளவு? தோல் ஆலைகளுக்கு வழிகாட்டும் மென்பொருள்கள்!

ராணிப்பேட்டையில் ஒரு டேனரி உரிமையாளரிடம் புதிய பதனிடும் முறை விலைக்கு வருகிறது என வைத்துக்கொள்வோம். 'இதுக்கு காப்புரிமை இருக்கு, உரிமத் தொகை கட்டணும்' என்கிறார்கள். அந்தக் காப்புரிமை இன்னும் செல்லுமா? கேட்கும் தொகைக்குத் தகுமா? இதை அலசத்தான் காப்புரிமை பகுப்பாய்வு மென்பொருள்கள் இருக்கின்றன.

ஏன் இது முக்கியம்?

வேலூர் பகுதி தோல் கழிவு வழக்கில் 1996-ல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பாலாறு மாசு தொடர்பாக 2025 ஜனவரி 30-ல் மீண்டும் கண்டிப்பான உத்தரவுகளைப் பிறப்பித்தது. கழிவைக் குறைக்கப் புதிய முறைகள் தேவை. உதாரணமாக, சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் (சிஎல்ஆர்ஐ) உருவாக்கிய நீரில்லா குரோம் பதனிடும் முறையில், குரோமியப் பயன்பாடு 15 முதல் 20% குறையும் என்கிறது அந்நிறுவனம். இப்படியான முறைகளுக்குப் பணம் போடும் முன் விசாரிக்காவிட்டால் நஷ்டம் ஆலைக்குத்தான்.

என்னென்ன பார்க்கலாம்?

ஆயுள்: இந்தியாவில் காப்புரிமைக்கு 20 ஆண்டுதான். நடுவில் புதுப்பிப்புக் கட்டணம் கட்டாவிட்டால் காலாவதி. ஆனால் 18 மாதத்துக்குள் மீட்க விண்ணப்பிக்கலாம் என்பதால் அவசரப்படக் கூடாது.

நாடு: ஜெர்மனியில் மட்டும் வாங்கிய காப்புரிமை இந்தியாவில் செல்லாது. அதற்காக நிம்மதியாக இருந்துவிட முடியாது. செய்முறைக் காப்புரிமை என்றால், அந்த முறையில் நேரடியாகத் தயாரான தோலுக்கும் ஐரோப்பாவில் பாதுகாப்பு உண்டு. ஏற்றுமதி செய்பவருக்குச் சிக்கல் அங்கேதான்.

மேற்கோள்: பின்னால் வந்த எத்தனை காப்புரிமைகள் இதைச் சுட்டுகின்றன? எண்ணிக்கை கூடினால் மதிப்பும் கூடும் என்பது கணக்கு.

பேடண்ட்சைட், பேட்ஸ்னாப் போன்ற கட்டண மென்பொருள்கள் இவற்றையெல்லாம் சேர்த்து மதிப்பெண் தருகின்றன.

காசில்லாமல் முடியுமா?

முதல் கட்டத் தேடலுக்கு முடியும். இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் 'இன்பாஸ்', உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பின் 'பேடண்ட்ஸ்கோப்', ஐரோப்பிய அலுவலகத்தின் 'எஸ்பாசெனட்' மூன்றுமே இலவசம். பதனிடும் முறைகளுக்கான வகைக் குறியீடு சி14சி. அதைப் போட்டுத் தேடினால் தோல் சார்ந்தவை மட்டும் வரும்.

மதிப்பெண்ணை அப்படியே நம்பலாமா?

கூடாது. நேற்று வந்த நல்ல கண்டுபிடிப்புக்கு மேற்கோளே இருக்காது. பழையதற்கு வயதாலேயே மேற்கோள் கூடியிருக்கும். நம்ம டிரம்மில், நம்ம தோலில் அது சரிப்பட்டு வருமா என்பது மென்பொருளுக்குத் தெரியாது. காலாவதியான முறையின் மேம்பட்ட வடிவத்துக்கு வேறொருவர் காப்புரிமை வைத்திருக்கவும் கூடும்.

சுருக்கமாகச் சொன்னால், முதலில் இலவசத் தளத்தில் ஆயுளையும் நாட்டையும் பாருங்கள். அடுத்து சின்ன அளவில் சோதனை. பிறகு காப்புரிமை முகவரிடம் ஆலோசனை. கையெழுத்து அதற்கப்புறம்தான்.