விசா கிடைத்ததற்கு ஸ்தோத்திரம்!

புலம்பெயர்ந்த நாடுகளில் தமிழ்ச் சபைகள் பெருகிவிட்டன. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் ஜேர்மனியின் சிறு நகரங்களிலும் ஞாயிறு தோறும் சாட்சி சொல்லப்படுகிறது. கர்த்தர் விசா தந்தார், வீடு தந்தார், பிள்ளைக்குப் பல்கலைக்கழக அனுமதி தந்தார். நன்றி சொல்வதை நாம் குறை கூறவில்லை. ஆனால் விசா நிராகரிக்கப்பட்ட ஒருவர் அதே மண்டபத்தின் கடைசிக் கதிரையில் இருக்கிறாரே, அவருக்காகச் சபை என்ன செய்கிறது? பெரும்பாலும் தலையில் கைவைத்து ஜெபிக்கிறது. பிறகு தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுகிறது.

யாக்கோபு இவ்வகை விசுவாசிகளை நன்கு அறிந்திருந்தார். உடுக்கத் துணியும் உண்ண உணவும் இல்லாதவரை வெறும் வாழ்த்தோடு அனுப்பிவைக்கும் விசுவாசத்தைத் தனது நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தில் உயிர் பிரிந்த உடலுக்கு ஒப்பிடுகிறார். லூதர் 1522இல் வெளியிட்ட புதிய ஏற்பாட்டில் இந்த நிருபத்தைப் பின்னுக்குத் தள்ளியதைச் சிலர் எமக்கு ஞாபகப்படுத்தக்கூடும். லூதர் சண்டை பிடித்தது பாவமன்னிப்பைக் காசுக்கு விற்றவர்களோடு. அயலவருக்கு உதவியவர்களோடு அவருக்குச் சண்டை இருக்கவில்லை.

அந்நியர்கள் எமக்காகச் செய்ததை நாம் எவ்வளவு இலகுவாக மறந்துவிட்டோம்! 1986 டிசம்பரில் மான்செஸ்டரின் ஹியூம் பகுதியிலிருந்த அசென்ஷன் ஆலயத்தில் விராஜ் மென்டிஸ் தஞ்சம் புகுந்தார். அவர் சிங்களவர், கம்யூனிஸ்ட். தமிழரின் சுயநிர்ணய உரிமைக்காகக் குரல் கொடுத்தவர். அதனாலேயே இலங்கைக்கு அனுப்பினால் தன் உயிருக்கு ஆபத்து என்றார். அவர் கம்யூனிஸ்ட் என்பது அந்த ஆங்கிலிக்கன் ஆலயத்தின் கதவைத் திறக்கத் தடையாக இருக்கவில்லை. இரண்டு வருடங்களுக்கும் மேலாக அவர் அங்கே இருந்தார். ஆதரவாளர்கள் இரவு பகலாகக் காவல் இருந்தனர். 1989 ஜனவரி 18 அதிகாலை பொலிசார் கதவை உடைத்து உள்ளே புகுந்து அவரைப் பிடித்தனர். இரண்டு நாட்களில் கொழும்புக்கு ஏற்றி அனுப்பினர்.

அந்த ஆலயம் தோற்றுவிட்டதா? மென்டிஸ் பின்னர் ஜேர்மனிக்கு வந்து, பிறேமனில் இருந்துகொண்டு 2024 ஆகஸ்டில் இறக்கும்வரை எமது மக்களுக்காக உழைத்தார். ஈழத்தமிழர் மீது இனப்படுகொலை நடந்தது என்று 2013இல் பிறேமனில் கூடிய மக்கள் தீர்ப்பாயம் கூறியதே, அதற்காகப் பாடுபட்டவர்களில் அவரும் ஒருவர். நாடுகடத்தல் நடந்துவிட்டாலும் அந்தக் கிரியை வீண்போகவில்லை.

ஜேர்மனியிலும் இதற்கு வரலாறு உண்டு. 1983இல் மேற்கு பேர்லினின் திருச்சிலுவை ஆலயம், லெபனானுக்குத் திருப்பியனுப்பப்படவிருந்த பாலஸ்தீனக் குடும்பங்களை ஏற்றுக்கொண்டது. தேவாலயத் தஞ்சம் என்ற வழமை அங்கிருந்து வளர்ந்து இன்றும் தொடர்கிறது.

ஊரிலும் முன்மாதிரிகளுக்குப் பஞ்சமில்லை. அமெரிக்க யேசுசபைத் துறவி யூஜின் ஹேபர்ட், வன்செயல்களின் நடுவே மட்டக்களப்பை விட்டுப் போகாமல் நின்றார். 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து திரும்பும் வழியில் காணாமற் போனார். பிரான்சிஸ் ஜோசப் அடிகளார் 2009 மே மாதம் கடைசிவரை மக்களோடு நின்று, சரணடைந்தவர்களோடு இராணுவத்திடம் போனார். திரும்பி வரவில்லை. மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப், 1,46,679 பேருக்கு என்ன நடந்தது என்று 2011 ஜனவரியில் அரசாங்கத்தின் ஆணைக்குழு முன்னாலேயே கேட்டார். இவர்களுடைய படங்களை மண்டபச் சுவரில் மாட்டுவது எமக்குச் சுலபம். அவர்கள் செய்ததில் நூறில் ஒரு பங்கைச் செய்வதுதான் கடினமாக இருக்கிறது.

"சபைக்குள் அரசியல் வேண்டாம்" என்பது வழமையான பதில். மண்டபத்துக்கு அனுமதி கேட்டு நகரசபைப் படியேறுவது ஊழியம். அகதிக்காகக் குடிவரவு அலுவலகத்துப் படியேறுவது அரசியல்! நாடுகடத்தற் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒருவர் உங்கள் ஆராதனையில் இருக்கும்போது, நீங்கள் சொல்லும் அந்த அரசியல் ஏற்கெனவே சபைக்குள் வந்துவிட்டது.

நாம் கேட்பது பெரிய தியாகமல்ல. பாஷை தெரியாதவரின் கடிதத்தை வாசித்துச் சொல்லுங்கள். கட்டிட நிதியில் ஒரு பகுதியை வழக்கறிஞர் செலவுக்கு ஒதுக்குங்கள். தடுப்பு முகாமில் இருப்பவரைப் பார்க்கப் போங்கள். அவசியமானால் ஆலயக் கதவைத் திறந்து இரவிலும் தங்கவிடுங்கள். அவர் ஆப்கானியராகவோ குர்தியராகவோ இருந்தாலும் தங்கவிடுங்கள். மத்தேயு 25இல் அந்நியரைச் சேர்த்துக்கொண்டீர்களா, சிறையிலிருந்தவரிடம் போனீர்களா என்றுதான் விசாரணை நடக்கிறது. எத்தனை முழு இராச் ஜெபம் நடத்தினீர்கள் என்ற கேள்வி அங்கே இல்லை.

அடுத்த ஞாயிறும் சாட்சி நேரம் வரும். கர்த்தர் எனக்கு என்ன தந்தார் என்று சொல்லி முடித்தவரிடம் சபை இன்னொன்றையும் கேட்கட்டும்: இந்த வாரம் நீ யாரோடு கூடப் போனாய்?