புளியமரம் தூரத்தில் இல்லை!



"வேகம் = தூரம் ÷ நேரம்." தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவோம். ரயில் கம்பத்தைத் தாண்டும் கணக்கு வந்தால் போட்டுவிடுவோம். ஆனால் நம்ம பள்ளிக்கூட வாசலில் ரோட்டைத் தாண்டும்போது யாராவது இந்தச் சூத்திரத்தை நினைக்கிறோமா? போன மாதம் வரைக்கும் நானும் நினைத்ததில்லை.

போன மாதம், மூணாம் வகுப்பு படிக்கிற என் தம்பி, புளியமரத்துக்கிட்ட பஸ் வருவதைப் பார்த்துக்கொண்டேதான் ரோட்டில் இறங்கினான். டிரைவர் பிரேக் போட்டுவிட்டார். தம்பிக்கு ஒண்ணும் ஆகலை. சத்துணவுத் தட்டு மட்டும் ரோட்டில் உருண்டது. "ஏன்டா இறங்கினே?" என்று கேட்டேன். "பஸ் தூரமாத்தானேக்கா இருந்துச்சு" என்றான். எனக்கும் அப்படித்தான் தோன்றியிருந்தது. அதனால் நானும் தோழிகளும் பி.டி. சாரைக் கூட்டிக்கொண்டு போய் ரோட்டு ஓரமாக அளந்தோம்.

வாசலில் இருந்து புளியமரம் வரை 30 மீட்டர் டேப்புக்கு மூணு தடவை. அதாவது 90 மீட்டர். அந்தத் தூரத்தைக் கடக்க பஸ்ஸுக்கு 6 வினாடி ஆனது.

வேகம் = 90 ÷ 6 = வினாடிக்கு 15 மீட்டர்.
15 × 18/5 = மணிக்கு 54 கி.மீ.

ரோட்டின் அகலம் 7 மீட்டர். தம்பி நடந்து தாண்ட 7 வினாடி ஆகிறது. அந்த 7 வினாடியில் பஸ் 15 × 7 = 105 மீட்டர் வந்துவிடும். புளியமரமோ 90 மீட்டரில்தான் இருக்கிறது! ஒரு வினாடி பத்தவில்லை. அந்த ஒரு வினாடிதான் என் தம்பி.

"ஓடினா தாண்டிடலாமே" என்று சிலர் சொல்கிறார்கள். நடு ரோட்டில் செருப்பு கழன்றால் என்ன செய்வது? "டிரைவர் நிறுத்திடுவார்" என்கிறார்கள். அவர் நம்மைப் பார்த்து பிரேக்கில் கால் வைக்க ஒரு வினாடி ஆனால், அதற்குள் பஸ் 15 மீட்டர் வந்துவிடும். அப்புறமும் உடனே நிற்காது.

பைக் இன்னும் வேகம். மணிக்கு 72 கி.மீ. என்றால் வினாடிக்கு 20 மீட்டர். 7 வினாடிக்கு 140 மீட்டர். பாலத்துக் கட்டை வாசலில் இருந்து 160 மீட்டர். ஆகவே நான் சொல்வது இதுதான்: எந்தப் பக்கம் பார்த்தாலும் அவ்வளவு தூரத்துக்கு வண்டி இருக்கக் கூடாது. பாலத்துக் கட்டையைத் தாண்டி ஒரு வண்டி வந்துவிட்டால் நில்லுங்கள். சின்னப் பிள்ளைகளைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போங்கள். அவர்களுக்கு வகுத்தல் தெரியாது, நமக்குத் தெரியுமே!

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாசலில் வேகத்தடை கேட்டு மனு எழுதினால், இந்தக் கணக்கையும் அதோடு சேர்த்து அனுப்புங்கள். பரீட்சையில் இந்தக் கணக்கு தப்பானால் 2 மார்க்தான் போகும். ரோட்டில் தப்பானால்?

நம்பாதவர்கள் பி.டி. சாரிடம் டேப் வாங்கி அளந்து பாருங்கள்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி