மாற்று ஆள் எங்கே?

2001ல் ஹோபர்ட் ஜூனியர் உலகக் கோப்பை இறுதியில் அர்ஜென்டினாவை 6-1 என நொறுக்கியது இந்தியா. அந்த அணியின் ஜுக்ராஜ் சிங், பெனால்டி கார்னரில் பந்தை வீசி அடிக்கும் டிராக் ஃபிளிக்கின் நாளைய மன்னன் என்றார்கள். 2003 செப்டம்பரில், 20 வயதில், கார் விபத்து. பழைய இடம் திரும்பக் கிடைக்கவில்லை.

திறமையில் குறையில்லை. அவருக்கு நிகராக இன்னொருவரை யாரும் வளர்த்து வைக்கவில்லை. ஏதென்ஸில் அந்தச் சுமை 18 வயது சந்தீப் சிங்கின் தோளில். போதாக்குறைக்கு, ஒலிம்பிக் நெருங்கும்போது பயிற்சியாளரையே மாற்றினார்கள் (நிர்வாகிகள் ஆடும் ஆட்டமே தனி). கிடைத்தது 7வது இடம்.

2024ல் பெங்களூர் சாய் மைய முகாமில் காட்சி வேறு. பாரிஸில் 10 கோல் போட்ட ஹர்மன்பிரீத் தவிர, அமித் ரோஹிதாஸும் டிராக் ஃபிளிக் அடிப்பவர். இருவருக்கும் ஏதாவது ஆனால்? அதற்கும் ஒருவர் மாற்று வீரராகப் பாரிஸ் போனார். பெயர், ஜுக்ராஜ் சிங். வேறொரு ஜுக்ராஜ்.